ஓலைக் கூரையும் தார்க் கூரையும்

கடையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் திருவிழா முடிந்த மறுநாள் காலை, ஆலயத்தின் முன்னிருந்த பந்தலைப் பிரிப்பதை நாம் நின்று பார்த்திருக்கிறோம். முந்தின இரவு சப்பரம் சுற்றி வந்த தெருவில் காகிதப் பூக்கள் இன்னும் சிதறிக் கிடந்தன. இரண்டு பேர் மேலே ஏறிக் கயிற்று முடிச்சுகளை அவிழ்த்தார்கள். கிடுகுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கீழே நின்ற பெண்கள் அவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டினார்கள். சவுக்குக் கம்புகள் நீளவாரியாகப் பிரிக்கப்பட்டு வண்டியில் ஏறின. ஆணி ஒன்றுகூட அடிக்கப்படாத கட்டுமானம் அது. எஞ்சியவை தரையில் இருந்த குழிகள் மட்டுமே. அவற்றையும் ஒரு சிறுவன் காலால் மண்ணைத் தள்ளி மூடினான். நண்பகலில் அங்கே பந்தல் நின்ற சுவடே இல்லை. அடுத்த வாரம் அதே கம்புகள் வேறோர் ஊரில் ஒரு திருமண வீட்டின் முன் நிற்கும்.

தற்காலிகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் நமக்குத் தெரியவில்லை. எப்போது எழும், எப்போது இறங்கும், இறங்கிய பின் அதன் உறுப்புகள் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பந்தற்கால் நாட்டும்போதே விடை இருக்கிறது. ஆனால் இயற்கைச் சீற்றத்தால் வீடிழந்தவர்களுக்கென்று உலகெங்கும் எழுப்பப்பட்ட தற்காலிக வீடுகளின் வரலாற்றைப் புரட்டினால், இந்த மூன்று கேள்விகளையும் எவரும் கேட்காமலே கட்டத் தொடங்கியதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

நம் பகுதி இதற்குப் புறம்பானதன்று. கடையம் மலையடிவாரத்து ஊர். மேற்கே இராமநதி, கடனாநதி என்று இரண்டு அணைகள். கடனாநதி ஓடிச் சென்று திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலக்கிறது. மலையில் பெய்வது சில மணி நேரத்தில் சமவெளிக்கு வந்துவிடும். 1992 நவம்பரில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய மழை தாமிரபரணியில் பெருவெள்ளமாக இறங்கியதை முதியவர்கள் இன்றும் நாள் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்நினைவு மீண்டும் உயிர்பெற்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டுக்குரிய மழை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்தது என்றே சொல்லலாம். தாமிரபரணிக் கரை ஊர்கள் நீரில் மூழ்கின. திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன செந்தூர் விரைவு வண்டியின் பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்ததை நாடே அறிந்தது.

இத்தகைய வேளையில் மக்கள் எங்கே போகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு, ஆலயத்துக்கு, திருமண மண்டபத்துக்கு. இவை உறுதியான கட்டடங்கள். மேடான இடத்தில் இருப்பவை. எல்லாருக்கும் வழி தெரிந்தவை. முதல் சில நாள்களுக்கு இவற்றைவிடச் சிறந்த புகலிடம் இல்லை. ஆனால் பள்ளி திறந்தாக வேண்டும். மண்டபத்தில் முகூர்த்தம் குறித்திருப்பார்கள். மண்சுவர் வீடோ பல வேளைகளில் வெள்ளத்தின்போது விழுவதில்லை. நீர் வடிந்து வெயில் ஏறிய பிறகுதான் வெடித்துச் சரிகிறது. ஆகவே பள்ளியை விட்டு வெளியேறும் நாளில்தான் ஒரு குடும்பம் தனக்கு வீடில்லை என்பதை முழுமையாக உணர்கிறது. புதிய வீடு எழும்வரை உள்ள அந்த இடைவெளி சில மாதங்களாகலாம், சில ஆண்டுகளுமாகலாம். அந்த இடைவெளியில் மனிதர் வாழ்ந்த கூரைகளின் கதையையே இங்கே சொல்ல முற்படுகிறோம்.

நம் முன்னோருக்கு அந்த இடைவெளி குறுகியதாக இருந்தது. காரணம் எளிது. அவர்களுடைய நிரந்தர வீடும் தற்காலிக வீடும் ஒரே பொருள்களால் ஆனவை. பனந்தடியைப் பிளந்து செய்த பனங்கைகள், குறுக்கே வரிச்சுகள், மேலே பனையோலை, கட்டுவதற்கு நார். ஓலையைக் கீழிருந்து மேலாக, ஒன்றன் வால் மற்றொன்றின் தலையை மூடுமாறு வேய்வார்கள். அப்போதுதான் நீர் உள்ளே இறங்காது. கூரையின் சரிவு போதாவிட்டால் எவ்வளவு ஓலை அடுக்கினாலும் ஒழுகும் என்பது வேய்பவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். இறவாரத்தைத் தாழ விட்டு மண்சுவரைச் சாரலிலிருந்து காப்பார்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை கூரை மாற்ற வேண்டியிருந்ததால் இந்தத் தொழில் ஒவ்வொரு தெருவிலும் உயிரோடு இருந்தது. புயலில் கூரை பறந்தால் ஊரே கூடி வேய்ந்தது. பழைய ஓலை வயலுக்கு எருவாகப் போயிற்று. தென் தமிழகத்தின் பழைய பங்குகள் பலவற்றில் முதல் ஆலயமே ஓலைக் கொட்டகையாக எழுந்தது என்பதும் நம் வாசகர்கள் அறிந்ததே.

இதைச் சொல்வதால் ஓலைக் குடிசையின் புகழ் பாடுகிறோம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தீப்பொறியில் ஒரு தெரு முழுவதும் எரிந்த கோடைகளும் அந்த வரலாற்றில் உண்டு. குடிசையில் வாழ்ந்தவர் எவரும் அதை விரும்பி வாழவில்லை. காரை வீடு கட்ட வசதியில்லாததால் வாழ்ந்தார். ஓலை மக்களைக் காத்தது என்பதும், ஓலையிலிருந்து விடுபட மக்கள் விரும்பினார்கள் என்பதும் ஒருங்கே உண்மை.

கடல் கடந்து ஒரு பழைய நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1906 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் அழித்தன. முதலில் பூங்காக்களில் இராணுவக் கூடாரங்கள் எழுந்தன. மழைக்காலம் நெருங்கியதும் கூடாரம் போதாது என்று கண்டு, நிவாரண நிர்வாகத்தினர் தச்சர்களைக் கொண்டு 5,610 சிறு மரவீடுகளைப் பூங்காக்களில் வரிசையாகக் கட்டினார்கள். பூங்கா இருக்கைகளின் நிறத்துக்கு ஏற்ப அவற்றுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். மாதம் இரண்டு டாலர் வாடகை. மொத்தம் ஐம்பது டாலர் செலுத்திவிட்டால் வீடு குடியிருப்பவருக்கே சொந்தம். ஆனால் பூங்காவிலிருந்து அதை எடுத்துச் சென்றுவிட வேண்டும். மக்களும் எடுத்துச் சென்றார்கள். குதிரைகள் பூட்டிய வண்டிகளில் முழு வீடுகளை ஏற்றி, நகரத்தின் புறப்பகுதிகளில் மலிவாக வாங்கிய மனைகளில் இறக்கினார்கள். இரண்டு மூன்று வீடுகளை ஒட்டவைத்து ஒரே வீடாக்கினவர்களும் உண்டு. அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. வாடகை வீட்டில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர் பலர் அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் முதன்முறையாக வீட்டுக்காரர் ஆனார்கள். தற்காலிக வீடு முடிவில் என்னவாகும் என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்ததன் பயன் இது. நூறாண்டுக்கும் முற்பட்ட இந்தப் பாடத்தைப் பின்வந்தோர் ஏன் மறந்தார்கள் என்பது நமக்கு வியப்பே.

நம் காலத்து நிகழ்ச்சிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலோர ஆலயங்களில் காலைத் திருப்பலி முடிந்தும் முடியாமலும் இருந்த வேளையில் ஆழிப்பேரலை வந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். அவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். வேளாங்கண்ணியிலும், குமரிக் கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களிலும் நேர்ந்தவற்றை இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. உறவினரை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்போதும் முதல் புகலிடம் பள்ளிகளும் ஆலயங்களும் மண்டபங்களுமே. சனவரியில் பள்ளிகள் திறக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சில வாரங்களில் கூரை வேண்டும். அரசும் தொண்டு நிறுவனங்களும் மறைமாவட்டச் சமூகப் பணி அமைப்புகளும் வேலையைப் பகிர்ந்துகொண்டன. கூரைக்கு எதைப் போடுவது என்ற கேள்வி எழுந்தது. ஓலை போட்டால் தீப்பிடிக்கும் என்ற அச்சம். அவ்வளவு ஓலைக்கு எங்கே போவது என்ற மலைப்பு. தகரம் விலை மிகுந்தது. ஆகவே பல இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டது தார் தோய்த்த நெளி அட்டை. லாரியில் ஏற்றி வரலாம். ஒரே நாளில் நூறு வீட்டுக்கு அடித்துவிடலாம். நீண்ட கொட்டகைகளாக எழுப்பி, இடையே மெல்லிய தடுப்பு வைத்து, குடும்பத்துக்கு ஓர் அறை என்று பங்கிட்டார்கள்.

மார்கழிக் குளிரில் அது கூரையாகத்தான் தெரிந்தது. மாசி, பங்குனி கழிந்து சித்திரை வெயில் ஏறியதும் அதன் குணம் வெளிப்பட்டது. கறுப்பு நிறம் வெப்பத்தை முழுவதும் வாங்கி உள்ளே இறக்கிற்று. தார் இளகிற்று, நாற்றம் எழுந்தது. பகலில் கைக்குழந்தையோடு உள்ளே இருக்க முடியாமல் பெண்கள் மர நிழல் தேடினார்கள். கடற்கரை மணலில் மர நிழல் ஏது? தடுப்புக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் மூச்சு கேட்கும். உடை மாற்றவும் மறைவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். இறுதியில் பல முகாம்களில் தார் அட்டையின் மீதே தென்னங்கீற்று வேய்ந்தார்கள். எதைத் தவிர்க்கத் தார் அட்டை வந்ததோ, அதுவே அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்தது!

தீ பற்றிய அச்சம் பொய்யும் அன்று. சென்னையின் வடபகுதியில் கார்கில் நகர் என்ற இடத்தில் கடலோர மக்களுக்காக எழுப்பிய கொட்டகைகள் 2005 கோடையில் பெருந்தீக்கு இரையாயின. அதே ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை பெருகியபோது, தாழ்வான நிலத்தில் அமைந்திருந்த முகாம்கள் பலவற்றில் நீர் புகுந்தது. கடலுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் மழைநீரில் நின்றார்கள். வீட்டின் வடிவத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அது நிற்கும் நிலம் தவறானால் எல்லாம் தவறாகிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நெருக்கமாக அடுக்கிய வரிசைகளுக்கு நடுவே தீயைத் தடுக்கும் இடைவெளி, மழைநீர் வடியும் வாய்க்கால், தரைமட்டத்துக்கு மேல் ஒரு முழ உயரத் திண்டு, இவை செலவு மிகுந்தவையல்ல. ஆயினும் இவற்றை முதல் வாரத்திலேயே எண்ணியாக வேண்டும். பின்னர் சேர்க்க முடியாது.

பொறுப்பிலிருந்தவர்களைக் குறைகூறுவது எளிது. அந்த நாள்களில் உறங்காமல் உழைத்தவர்களை நாம் அறிவோம். நிரந்தர வீடு தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2005 சனவரியிலேயே, பேரலை வந்து மூன்று வாரங்களுக்குள், அறிவித்துவிட்டது, அது பாராட்டுக்குரியது. ஆனால் நிலம் வாங்குதல், மண் நிரப்புதல், பயனாளிகளின் பட்டியல், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்ற விவாதம் என்று நாள்கள் நீண்டன. சில மாதங்களுக்கென்று எழுந்த தார்க்கூரையின் கீழ் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் கழித்த குடும்பங்கள் பல. நம் குறையெல்லாம் அந்தக் கொட்டகையைத் திட்டமிட்டபோது இந்தக் கணக்கு எவர் மனத்திலும் இல்லாமற்போனதைப் பற்றியே. மூன்று மாதத்துக்குப் போதுமான கூரை மூன்று கோடைகளுக்குப் போதாது. பிறகு மக்கள் புது வீடுகளுக்குப் போனபோது, எஞ்சிய அட்டைகள் எவருக்கும் பயன்படவில்லை. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்குவதில்லை.

இன்னொன்றும் அப்போது நிகழ்ந்தது. சேதமடையாத பழைய வீடுகளையும் அவற்றைச் சூழ்ந்திருந்த மரங்களையும் அகற்றிவிட்டுப் புதிய காங்கிரீட் வீடுகளை வரிசையாக எழுப்பிய ஊர்கள் உண்டு. நாகப்பட்டினக் கரையோரச் சிற்றூர்களை ஆராய்ந்த அயல்நாட்டு ஆய்வாளர்கள் இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்கள். வேம்பும் புன்னையும் போன பிறகு வலை பின்னவும் கதை பேசவும் இடம் எங்கே?

இதற்குப் பத்தாண்டுகள் முன்னர் ஜப்பானில் நடந்த ஒன்று நமக்கு நெருக்கமானது. 1995 சனவரி 17 அன்று கோபே நகரில் நேர்ந்த நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தனர். நகராட்சியும் மாநில அரசும் விரைந்து செயற்பட்டு ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகளைக் கட்டின. வீடுகள் நல்லவை, குறையில்லை. ஆனால் பெரும்பாலானவை நகருக்குத் தொலைவில் கிடைத்த நிலங்களில் அமைந்தன. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை அளித்துச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கப்பட்டன. நீதியான முறைதானே என்று தோன்றும். விளைவு என்ன? அண்டை வீட்டார் பிரிந்தனர். தனியே வாழ்ந்த முதியவர்கள் அறிமுகமற்றவர்களின் நடுவே குடியேறினர். எவரும் அறியாமல் தம் அறையில் தனித்து இறந்துபோனவர்கள் அந்தத் தற்காலிக வீடுகளில் இருநூறு பேருக்கு மேல். கூரையும் சுவரும் உணவும் இருந்தும் நேர்ந்த மரணங்கள் இவை. அந்நாட்டினர் இதை மறக்கவில்லை. 2004இல் நீகாட்டாப் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, ஒரு சிற்றூரின் மக்களை ஒரே இடத்தில் சேர்த்தே குடியமர்த்தினார்கள்.

கோபே நகரின் தக்காத்தோரிப் பங்கு எளிய தொழிலாளர் வாழும் பகுதியில் இருந்தது. வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்து, காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்த குடும்பங்கள் அங்கே மிகுதி. நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் பங்கு ஆலயம் எரிந்துபோயிற்று. முற்றத்தில் இருந்த கிறிஸ்துவின் திருவுருவம் மட்டும் நின்றது. சிகேரு பான் என்ற இளம் கட்டடக் கலைஞர் தோக்கியோவிலிருந்து வந்து, காகிதக் குழாய்களைக் கொண்டு ஆலயத்தை மீண்டும் கட்டித் தருகிறேன் என்றார். நெசவாலைகளில் துணி சுற்றுவதற்கும் அச்சகங்களில் காகிதம் சுற்றுவதற்கும் பயன்படும் தடித்த அட்டைக் குழாய்கள்தாம் அவர் சொன்னவை. எரிந்துபோன இடத்தில் காகித ஆலயமா என்று பங்குத்தந்தை கண்டா ஹிரோஷி தயங்கினார். ஆலயத்தைவிட மக்களுக்கு வீடே முதலில் வேண்டும் என்பதும் அவர் எண்ணம். வியட்நாமியக் குடும்பங்கள் அப்போது பூங்காக்களில் நெகிழித்தாள் கூடாரங்களில் இருந்தன. தொலைவிலுள்ள அரசு வீடுகளுக்குப் போனால் வேலையும் உறவும் அறுந்துபோகும் என்று அவர்கள் நகர மறுத்திருந்தார்கள்.

ஆகவே பான் முதலில் வீடுகளைக் கட்டினார். மதுப்புட்டிகள் வைக்கும் நெகிழிப் பெட்டிகளில் மணல் மூட்டைகளை நிரப்பி அடித்தளம் அமைத்தார். காகிதக் குழாய்களை நெருக்கமாக நிறுத்திச் சுவராக்கினார். மேலே கூடாரத் துணியைக் கூரையாக இட்டார். தன்னார்வத் தொண்டர்களே கட்டினார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் பெட்டியும் குழாயும் துணியும் தனித்தனியே பிரிந்து வேறு பயனுக்குப் போகத்தக்கவை. நம் ஊர்ப் பந்தல்காரர் இதைக் கண்டால் தம் தொழிலைச் சேர்ந்தவர் என்றே அவரை ஏற்றுக்கொண்டிருப்பார்.

அதன் பிறகே ஆலயம். ஐந்து மீட்டர் உயரமுள்ள 58 காகிதத் தூண்களை நீள்வட்டமாக நிறுத்தி, 160 தொண்டர்கள் ஐந்து வாரங்களில் அதை எழுப்பினார்கள். 1995 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. சில ஆண்டுகள் நின்றால் போதும் என்று எண்ணியது பத்தாண்டுகள் நின்றது. திருப்பலி நடந்தது, ஊர்க்கூட்டம் நடந்தது, இசை நிகழ்ச்சிகளும் நடந்தன. நிலையான ஆலயம் கட்ட வேண்டிய காலம் வந்தபோது, 2005இல் அதைத் தூண் தூணாகப் பிரித்துத் தாய்வானுக்கு அனுப்பினார்கள். 1999இல் நிலநடுக்கத்தால் சிதைந்த பகுதியைச் சேர்ந்த தாவ்மி என்ற சிற்றூரில் 2008 முதல் அது ஊர்ப் பொதுமன்றமாக நின்று பணியாற்றியது. துயரத்தில் பிறந்த ஒரு கட்டடம் மற்றொரு துயரத்தின் நிலத்துக்குப் பயணம் போன கதை இது.

காகிதக் குழாயை அவர் தேர்ந்ததற்கு ஆப்பிரிக்காவில் ஒரு முன்கதை உண்டு. 1994இல் ருவாண்டாவில் நடந்த படுகொலைகளின்போது இலட்சக்கணக்கானோர் அகதிகளாயினர். ஐக்கிய நாடுகள் அவையின் அகதிகள் அமைப்பு அவர்களுக்கு நெகிழித்தாளைக் கொடுத்தது. கம்புக்காக மக்கள் மரங்களை வெட்டிக் காடுகள் அழிந்தன. அலுமினியக் கம்பிகளைக் கொடுத்தார்கள். பசித்தவர்கள் அவற்றை விற்றுவிட்டு மீண்டும் மரத்தை வெட்டினார்கள். விற்றால் விலை போகாததும் மரத்தை வெட்ட வைக்காததுமான ஒரு கம்பு வேண்டியிருந்தது. அப்படித்தான் காகிதக் குழாய் வந்தது. அகதியின் வறுமையையும் சுற்றியுள்ள காட்டையும் சேர்த்தே எண்ணினால்தான் ஒரு கூடாரக் கம்பைக்கூடச் சரியாக வடிவமைக்க முடியும் என்பதை வரைபலகையில் இருந்தவர்கள் அங்கே கற்றார்கள்.

2001 சனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின் பான் குசராத்தின் பூஜ் நகருக்கு வந்தார். அங்கே புட்டிப் பெட்டிகள் கிடைக்கவில்லை. ஆகவே இடிந்த கட்டடங்களின் இடிபாட்டையே அடித்தளமாக்கினார். தரையை உள்ளூர் வழக்கப்படி மண் மெழுகினார்கள். கூரைக்குப் பிளந்த மூங்கிலை வளைத்து, இரண்டு பாய்களுக்கு நடுவே நெகிழித்தாளை வைத்து மூடினார்கள். பாயின் துளைகள் வழியே காற்று வந்தது, அடுப்புப் புகை வெளியேறியது, கொசுவும் குறைந்தது. ஒரே மனிதரின் ஒரே வீடு, ஊருக்கேற்ப உடல் மாறிற்று. எல்லா ஊருக்கும் ஒரே கொட்டகை என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை.

பேரிடரில் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 38 சதுர அடி, கூரையுள்ள இடம் வேண்டும் என்று உலகத் தொண்டு நிறுவனங்கள் 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம் வரையறுத்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 190 சதுர அடி. நம் நாட்டில் இந்த அளவுகோலைப் பிடித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகளுக்கென அமைந்த முகாம்களில் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி அறை. மண்டபம் முகாமோ அதற்கும் முன்பு, ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை நிறுத்தி நோய்ச் சோதனை செய்வதற்காக எழுந்தது. போர் விரைவில் ஓயும், திரும்பிப் போவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டிய சுவர்களுக்குள் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் வளர்ந்து மணம் முடித்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். அறை வளரவில்லை. 2021 ஆகஸ்டில்தான் தமிழக அரசு முகாம்களில் 7,469 புதிய வீடுகளைக் கட்டுவதாக அறிவித்தது. முகாம்களின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. தற்காலிகம் என்ற சொல் முப்பத்தெட்டு ஆண்டுகள் நீண்டதை நாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். நம் ஆலயங்களுக்கு ஞாயிறுதோறும் வந்த அந்தச் சகோதரர்களிடம், கூரை ஒழுகுகிறதா என்று நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்?

மீண்டும் கடையத்துக்கு வருவோம். செல்லம்மாள் பாரதியின் பிறந்தகம், பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் என்பதால் வெளியூரார் இதை அறிவார்கள். ஊருக்கு மேற்கே நெல் வயலும் மலையும். கிழக்கே போகப் போகப் பனை. வெள்ளம் வந்தால் தற்காலிகமாகக் கூரை போட வேண்டிய பொருள்கள் இருபது கல் சுற்றளவில் கிடைக்கும் இடம் இது. மூங்கில், சவுக்கு, பனங்கை, ஓலை, வைக்கோல், மிதிப்பதற்கு நல்ல மண். பத்தமடைக்குப் போனால் கோரைப்பாய். கீற்றுக் கூரையின் கீழ்ப்புறத்தைக் களிமண்ணால் பூசினால் தீ எளிதில் தாவாது என்பது பழைய அறிவு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை சொல்லிற்று. விதை நடும் பணியும் தொடங்கிற்று. நல்லது. ஆனால் பனை நிற்கிறது, ஏறுபவர் குறைந்துவிட்டனர். ஓலை மரத்திலேயே காய்ந்து தொங்குகிறது. அடுத்த வெள்ளத்துக்குத் தார்ப்பாயும் தகரமும் வெளியிலிருந்து லாரியில் வரும்.

தொடக்கத்தில் சொன்ன பந்தல்காரரிடம் அன்று நாம் ஒரு கணக்குக் கேட்டோம். இந்தப் பந்தலை வீடாக மாற்றினால் எத்தனை குடும்பம் தங்கும்? அவர் அடுக்கிய கம்புகளைக் கண்ணால் அளந்தார். பத்துக் குடும்பம் தாராளமாகத் தங்கலாம், நாலு ஆள் கூட நின்றால் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்றார். பிறகு கிடுகுக் கட்டைத் தூக்கியபடி, இப்போதெல்லாம் பெரும்பாலும் இரும்புக் குழாயும் துணியும் தகரமுமே கேட்கிறார்கள், இந்தக் கோயில்காரர்கள்தாம் ஓலைதான் வேண்டும் என்பார்கள் என்றார். கிடுகு முடைவது யார் என்று கேட்டோம். வண்டியருகே அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தம் தாயைக் காட்டினார். அவருக்குப் பிறகு யார் என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வண்டி புறப்பட்டுவிட்டது.